பெட்டியா, சவப்பெட்டியா என்பதற்கு அப்பால்



இந்த மடலில் அல்ஜீரியாவைப் பற்றிக் கதைக்கப் போறன். ஆனால் மனசில இருக்கிறது கிழக்கு மாகாணம்.

எங்கட கூட்டங்களில் நிலப்பறிப்பு, திட்டமிட்ட குடியேற்றம், இராணுவ முகாம் என்று வரிசையாகப் பேசுவோம். வரைபடம் காட்டுவோம், ஆண்டுகளை ஒப்புவிப்போம். ஆனால் யாராவது எழும்பி, "சரி, அங்க கொண்டுபோய் இருத்தின சனத்தின்ர பேரப்பிள்ளைகள் இப்ப அங்கதான் பிறந்து வளந்திருக்கினம். நாளைக்கு ஒரு தீர்வு வந்தால் அவை ஆர்?" என்று கேட்டால் சபை அடங்கிவிடும். பிறகு இரண்டு பதில்தான் வரும். "வந்த இடத்துக்கே போகட்டும்" என்பது ஒன்று. "எல்லாரும் மனிசர்தானே" என்பது மற்றது. முதல் பதில் மனிசரை மறக்குது. இரண்டாவது பதில் நிலத்தை மறக்குது.

பிரான்சில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கக் கூடாது. இந்த நாட்டின் அரசியலில் பாதி இன்னும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருக்கு. 1962 கோடையில் அல்ஜீரியாவை விட்டுக் கப்பலேறி மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய இலட்சக்கணக்கான "பியே நுவார்"களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் அதற்குச் சாட்சி.

சட்டம் செய்த சமூகம்

பியே நுவார் என்றால் கறுப்புக்கால்கள். ஏன் அந்தப் பெயர் என்பதற்குப் பல கதைகள் உண்டு. போரின் கடைசி வருடங்களில்தான் அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் அவர்கள் தங்களைச் சும்மா "அல்ஜீரியர்" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். மண்ணுக்குச் சொந்தமான அரபு, பெர்பர் மக்களுக்கு அவர்கள் வைத்த பெயர் "முஸ்லிம்கள்" அல்லது "சுதேசிகள்". நாட்டின் பெயரைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, நாட்டின் மக்களுக்கு மதத்தின் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

1830 யூலை 5இல் அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் விழுந்தது. 1848இல் அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அங்கு போனவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக்காரர் இல்லை. ஸ்பெயினில் இருந்தும் இத்தாலியில் இருந்தும் மால்டாவில் இருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன சனம் நிறைய. 1871இல் மொக்ரானியின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, தண்டனையாக 4 இலட்சம் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலம் பறிக்கப்பட்டது. குடியேறிகளுக்கு நிலம் இப்படித்தான் கிடைத்தது.

பிறகு சட்டம் வந்தது. 1865இல் உள்ளூர் முஸ்லிம்களும் யூதர்களும் பிரான்சின் குடிகள், ஆனால் குடிமக்கள் அல்லர் என்று எழுதப்பட்டது. குடியுரிமை வேண்டுமென்றால் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் தங்களுடைய சமயச் சட்டத்தைக் கைவிட வேண்டும். 1870இல் க்ரெமியூ ஆணை ஏறத்தாழ 35,000 அல்ஜீரிய யூதர்களை ஒரே நாளில் பிரெஞ்சுக் குடிமக்களாக்கியது. இவர்கள் குடியேறிகளே இல்லை, பிரெஞ்சுக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே அங்கு வாழ்ந்தவர்கள். 1889இல் இன்னொரு சட்டம், ஸ்பானிய, இத்தாலிய, மால்டியக் குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்காரர் ஆக்கியது. வலென்சியாவில் இருந்து வந்த கூலிக்காரனின் மகன் பிரெஞ்சுக்காரன். ஆயிரம் வருடம் அங்கிருந்த கபிலிய விவசாயியின் மகன் "சுதேசி".

இதே முறையை எங்கட பாண்டிச்சேரித் தோழர்கள் நல்லா அறிவினம். 1881 ஆணைப்படி தங்களுடைய சமயச் சட்டத்தைத் துறந்து, புதுக் குடும்பப் பெயர் எடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்த தமிழர்களை "ரெனோன்சான்" என்றார்கள். அதாவது துறந்தவர்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இண்டைக்கும் பாரிஸ் புறநகரங்களில் எங்களோட இருக்கினம். அல்ஜீரியா சுதந்திரமடைந்த அதே கோடையில், 1962 ஓகஸ்ட் 16இல், பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் போனது. அங்கிருந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்திருப்பதா என்று தெரிவு செய்ய ஆறு மாதம் கொடுக்கப்பட்டது. ஒரே அரசு, ஒரே கோடை. தேசம் என்பது இரத்தத்தில் ஓடுகிற சாமான் என்று நம்புகிறவர்கள் இந்தப் படிவங்களை ஒருக்கா வாசிக்க வேண்டும்.

ஏழைகள் ஏன் அந்தப் பக்கம் நின்றார்கள்?

இடதுசாரிகளான எங்களுக்கு அல்ஜீரியா வைக்கிற கடினமான கேள்வி இதுதான். பியே நுவார்களில் பெரும்பாலானோர் பெருந்தோட்ட முதலாளிகள் அல்லர். நகரத்துத் தொழிலாளர், எழுதுவினைஞர், தபால்காரர், சின்னக் கடை வைத்திருந்தவர்கள். அல்ஜியர்சின் பாப் எல் உவேத் ஒரு தொழிலாளர் பகுதி. கம்யூனிஸ்டுகளுக்கு வாக்குப் போட்ட பகுதி. அதே பாப் எல் உவேத்தான் 1962இல் ஓ.ஏ.எஸ் என்ற தீவிர வலதுசாரி ஆயுத அமைப்பின் கோட்டையாக மாறியது.

ஏன்? வறுமை வர்க்கத்தைக் காட்டும், ஆனால் சலுகை கண்ணை மறைக்கும். 1936இல் ப்ளும் அரசாங்கம் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. சமயச் சட்டத்தைத் துறக்காமலே சுமார் 20,000 முஸ்லிம்களுக்கு முழு வாக்குரிமை கொடுப்பதுதான் நோக்கம். கோடிக்கணக்கில் இல்லை, வெறும் 20,000 பேர். குடியேறிகளின் மேயர்கள் கூட்டாகப் பதவி விலகுவோம் என்று மிரட்டினார்கள். சட்டமூலம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 1947இல் ஒரு அல்ஜீரிய சபை அமைத்தார்கள். ஐரோப்பியத் தொகுதிக்கு 60 ஆசனம், முஸ்லிம் தொகுதிக்கு 60 ஆசனம். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். அப்போது அங்கு ஐரோப்பியர் 10 இலட்சம் பேருக்கும் குறைவு, முஸ்லிம்கள் சுமார் 80 இலட்சம். அந்தச் சபைக்கு 1948இல் நடந்த தேர்தலிலும் அரசாங்கமே வாக்குப்பெட்டிகளில் கைவைத்தது.

பாப் எல் உவேத்தின் தொழிலாளிக்கு இதில் காணி கிடைக்கவில்லை. ஆனால் அவனுடைய ஒரு வாக்கு பக்கத்துத் தெருக்காரனின் எட்டு வாக்குக்குச் சமமாக இருந்தது. அந்த எட்டில் ஏழைக் கைவிட அவன் தயாராக இருக்கவில்லை. பிறகு அவன் "இது என்ர பிறந்த மண்" என்று அழுதது உண்மைதான். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அவன் நேசித்தது மண்ணை மட்டுமா, அந்த மண்ணில் தனக்கிருந்த உயரத்தையுமா என்ற கேள்வியும் உண்மைதான்.

திறந்திருந்த ஒரு கதவு

1962 மார்ச் 18இல் கையெழுத்தான எவியான் உடன்படிக்கையில் பலர் மறந்துபோன ஒரு பகுதி இருக்கு. ஐரோப்பியர்களுக்கு மூன்று வருட அவகாசம். அல்ஜீரியாவில் பிறந்து பத்து வருடம் அங்கு வாழ்ந்தவர்களும், வேறு சில நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களும், அந்த மூன்று வருடமும் அல்ஜீரியக் குடிமக்களுக்குரிய உரிமைகளோடு வாழலாம். முடிவில் அல்ஜீரியக் குடியுரிமையைத் தெரிவு செய்யலாம், அல்லது வெளிநாட்டவராகத் தங்கலாம். ஏழரை வருடப் போருக்குப் பிறகு, சித்திரவதைக்கும் குண்டுவீச்சுக்கும் பிறகு, விடுதலை முன்னணி இதற்கு ஒப்புக்கொண்டது சின்ன விசயம் இல்லை.

அந்தக் கதவை அடைத்தது யார்? முதலில் ஓ.ஏ.எஸ். உடன்படிக்கைக்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 15இல், எழுத்தாளர் முலூத் ஃபெரவுனையும் அவருடைய ஐந்து சகாக்களையும் அது சுட்டுக் கொன்றது. யூன் 7இல் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தது. நூலகம் எரிப்பதென்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. சமத்துவம் வந்தால் நாட்டையே சாம்பலாக்கிவிட்டுப் போவோம் என்பது அவர்களின் கொள்கை. சேர்ந்து வாழக்கூடிய சூழலை அவர்களே கொன்றார்கள்.

ஆனால் கதவை அடைத்த கை அது மட்டுமில்லை. சுதந்திரம் கொண்டாடப்பட்ட யூலை 5 அன்று ஓரான் நகரில் ஐரோப்பியர்கள் தெருக்களில் வேட்டையாடப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அங்கிருந்த பிரெஞ்சுப் படை பல மணி நேரம் முகாமை விட்டு வெளியே வரவில்லை. "பெட்டியா, சவப்பெட்டியா" என்ற சுலோகம் பயமுறுத்தலாக மட்டும் இருக்கவில்லை, சில இடங்களில் நடந்தும் இருந்தது. காலனியத்தை எதிர்ப்பவர்கள் ஓரானைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவார்கள், வலதுசாரிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில். நாங்கள் பேசாமல் விட்டால் அந்தச் செத்தவர்கள் அவர்களின் சொத்தாகிவிடுவார்கள். ஆகிவிட்டார்கள்.

தங்கியவர்கள்

எல்லாரும் போகவில்லை. எல்லாரும் அந்தப் பக்கம் நிற்கவும் இல்லை.

பெர்னாண்ட் இவ்தோன் அல்ஜியர்ஸ் எரிவாயு நிலையத்தில் வேலை செய்த ஐரோப்பியத் தொழிலாளி, கம்யூனிஸ்ட். ஆட்கள் இல்லாத நேரத்துக்கு வைத்த குண்டு, அதுவும் வெடிக்காத குண்டு. அதற்காக 1957 பெப்ரவரி 11இல் அவருடைய தலையைக் கில்லட்டினில் வெட்டினார்கள். மோரிஸ் ஓதான் 25 வயதுக் கணிதவியலாளர். 1957 யூனில் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, திரும்பி வரவே இல்லை. அரசுக்கு அதில் பொறுப்புண்டு என்று ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி ஒப்புக்கொள்ள 2018 வரை எடுத்தது. அனி ஸ்டைனர் போராட்டத்தில் சேர்ந்து சிறை போனார், பிறகு அல்ஜீரியராகவே வாழ்ந்து 2021இல் இறந்தார். மருத்துவர் பியர் ஷோலேயும் சமூகவியலாளர் குளோடின் ஷோலேயும் விடுதலை முன்னணியோடு வேலை செய்தார்கள். ஃபனோனை முன்னணியோடு தொடர்புபடுத்தியவர் பியர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இருவரும் அல்ஜீரியக் குடியுரிமை எடுத்து அங்கேயே வேலை செய்தார்கள்.

இவர்கள் "நல்ல வெள்ளையர்" என்பதற்காகச் சொல்லவில்லை. அல்ஜீரியர் என்பதை இவர்கள் பிறப்பால் கேட்கவில்லை, தெரிவால் எடுத்தார்கள் என்பதற்காகச் சொல்றன்.

ஆனால் புதிய நாடு என்ன செய்தது? 1963 மார்ச் 27இன் குடியுரிமைச் சட்டம், தந்தை வழியில் இரண்டு தலைமுறை அல்ஜீரியாவில் பிறந்து முஸ்லிம் சட்டத்துக்கு உட்பட்டிருந்தவர்களின் பிள்ளைகளைத்தான் பிறப்பால் அல்ஜீரியர் என்றது. மற்றவர்கள், விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்கள் உட்பட, விண்ணப்பிக்க வேண்டும். சிறையில் கிடந்தவருக்கும் படிவம். காலனிய அரசு "முஸ்லிம்" என்று கிழித்த கோட்டை அழிக்காமல், அதன் மற்றப் பக்கத்தில் நின்று அதே கோட்டைப் புதிய அரசும் பிடித்துக்கொண்டது. தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை போகும் என்று எழுத 2005 வரை சென்றது. அதாவது, அந்நியரை வெளியே வைக்கப் போட்ட வேலி சொந்தப் பெண்களுக்கும் வேலியானது.

1963 ஒக்டோபரில் குடியேறிகளின் கையில் மிச்சமிருந்த விளைநிலங்கள் தேசியமயமாக்கப்பட்டன. அது நியாயம் என்பது என்ர கருத்து. பறித்த நிலம் திரும்பத்தான் வேண்டும். நிலத்தைத் திருப்பி எடுப்பதும் மனிசரை வெளியே தள்ளுவதும் ஒன்றில்லை. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதைத் தவிர்க்கலாம்.

நினைவுக்குள் பூட்டிய நாடு

பிரான்சுக்கு வந்தவர்களை அரசு "தாயகம் திரும்பியோர்" என்று அழைத்தது. பலர் அதற்கு முன் பிரான்சைக் கண்ணால் கண்டதில்லை. மார்செய் மேயர் காஸ்தோன் டெஃபேர், ஒரு சோசலிஸ்ட், அவர்கள் வேறெங்காவது போகட்டும் என்றார். அகதியாக வந்திறங்கிய பெற்றோரின் பிள்ளைகளான எங்களுக்கு அந்த வரவேற்பின் குளிர் விளங்கும்.

ஆனால் அதே கப்பல்களில் வந்த ஹார்க்கிகளுக்கு, பிரெஞ்சுப் படையோடு நின்ற முஸ்லிம்களுக்கு, என்ன நடந்தது? ஐரோப்பியர்களின் பிரெஞ்சுக் குடியுரிமை தன்பாட்டில் தொடர்ந்தது. ஹார்க்கிகள் அதை வைத்திருக்க விண்ணப்பம் செய்ய வேண்டியிருந்தது. பல குடும்பங்கள் ரிவ்சால்ட் போன்ற முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தன. காலனி முடிந்த பிறகும் அதன் படிநிலை கப்பலேறி வந்துவிட்டது.

பிறகு பியே நுவார் அடையாளம் ஒரு துயரத்தின் மேல் கட்டப்பட்டது. சமையல், பேச்சு வழக்கு, கல்லறைகள், பழைய படங்கள். அதில் பிழை இல்லை. ஆனால் அந்தத் துயரத்துக்கு அரசியல் முதலாளிகள் கிடைத்தார்கள். 2005இல் வட ஆபிரிக்காவில் பிரான்சின் "நேர்மறையான பங்கை"ப் பள்ளிகளில் படிப்பிக்க வேண்டும் என்று ஒரு சட்டத்தில் எழுதினார்கள். வரலாற்றாசிரியர்களும் மற்றவர்களும் எதிர்த்ததால் அடுத்த வருடம் அந்த வரி நீக்கப்பட்டது. பெசியே, பேர்ப்பினியோன் போன்ற தெற்கு நகரங்களில் அதே துயரம் இன்னும் தேர்தல் காசாக மாற்றப்படுகிறது. அந்தக் காசைக் கட்டுவது பெரும்பாலும் எங்களைப் போன்ற குடியேறிகளின் பிள்ளைகள்.

இங்கே நாங்கள் எங்களையும் பார்க்க வேண்டும். எங்கட வீடுகளிலும் ஒரு நாடு சட்டம் போட்டுச் சுவரில் தொங்குது. எங்கட இழப்பும் அவர்களின் இழப்பும் ஒன்றில்லை. அவர்கள் இழந்ததில் பெரும் பங்கு மேலாதிக்கம், நாங்கள் இழந்தது வீடும் உயிரும். ஆனால் நினைவை அரசியலாக்குகிற பொறி ஒன்றேதான். மாறாத ஒரு நாட்டை மனசுக்குள் பூட்டிவைத்து, அங்கு இப்போது வாழுகிற மனிசரைக் கேட்காமல் அவர்களுக்காகத் தீர்ப்பெழுதுகிற பழக்கம் எங்கட பக்கத்திலும் இருக்கு.

இனி கிழக்கு

வித்தியாசங்களை முதலே சொல்லிவிடுறன். சிங்கள மக்கள் கடல் தாண்டி வந்த காலனியர் அல்லர், அவர்களும் அந்தத் தீவின் மக்கள். அல்ஜீரியாவில் குடியேறிகள் சிறுபான்மை, இலங்கையில் குடியேற்றத்தை நடத்துகிற அரசு பெரும்பான்மையின் அரசு. ஆனால் ஒரு வேலைத்திட்டமாகக் குடியேற்றம் நடந்தது என்பதற்கு ஆதாரம் தேடத் தேவையில்லை. 1881இல் கிழக்கு மாகாணத்தில் சிங்களவர் 5 வீதத்துக்கும் குறைவு, 1981இல் ஏறத்தாழ 25 வீதம். கல்லோயா, அல்லை, கந்தளாய், பிறகு மணலாறு.

கென்ற், டொலர் பண்ணைகளை எடுங்கோ. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது, அதுவும் தந்தை, பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டுத்தான். 1977 வன்முறையில் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்த அதே மலையக மக்கள் அந்தப் பண்ணைகளில் இருந்தார்கள். 1984இல் அவர்களை விரட்டிவிட்டுச் சிங்களச் சிறைக்கைதிகளையும் குடும்பங்களையும் கொண்டுவந்து இருத்தியது அரசு. அதே நவம்பரில் புலிகள் தாக்கினார்கள், பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். அரசு தன் கைதிகளை வேலியாக நட்டது. நாங்கள் வேலியை மட்டும் கண்டோம், வேலியாக நடப்பட்ட மனிசரைக் காணவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணி நேரம். அவர்கள் குடியேறிகளே இல்லை, அந்த மண்ணின் மக்கள். "ஆர் எங்கட ஆள்" என்ற வட்டத்தைச் சுருக்கத் தொடங்கினால் அது எதிரியோடு நிற்காது. 1963இல் அல்ஜீரியாவில் நின்றதில்லை, 1990இல் எங்களிடமும் நிற்கவில்லை.

அதனால் எங்கட கூட்டு ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்று கேக்கிறன். பறித்த நிலம் உரியவர்களுக்குத் திரும்ப வேண்டும், இராணுவமும் அதன் நிழலில் நடக்கிற குடியேற்றமும் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. வடக்கு முஸ்லிம்களின் மீள்திரும்பல் எந்த நிபந்தனைக்கும் உட்பட்டதில்லை, அது உரிமை. அங்கு பிறந்து வளர்ந்த சிங்களக் குடும்பங்களுக்கு ஒரு தெரிவு இருக்க வேண்டும். எவியானில் எழுதப்பட்டது போல ஒரு காலம், ஒரு தெளிவான உரிமை. ஆனால் சலுகை இல்லாமல். ஊர்காவல் துப்பாக்கி இல்லாமல், மற்றவனின் காணிக்கு மேலே வீடு இல்லாமல், தமிழுக்கும் சிங்களத்துக்கும் சம இடத்தோடு. நிலம் திருப்பிக் கொடுத்தவருக்கு மாற்று நிலமும் நட்டஈடும் அரசின் கடன், ஏனெனில் கொண்டுவந்து இருத்தினது அரசு.

சமத்துவத்தை ஏற்றுக்கொண்டு தங்குகிறவர் எங்கட அயலவர். ஏற்காதவரோடு அரசியல் செய்வோம், பெட்டி கட்டச் சொல்ல மாட்டோம். பாப் எல் உவேத்தின் தொழிலாளியை வலதுசாரியிடம் கொடுத்த மாதிரி, கந்தளாயின் காணியில்லா விவசாயியின் பேத்தியை நாங்களே பிக்குகளிடமும் இராணுவத்திடமும் தள்ளிக் கொடுக்கக் கூடாது.

இது பலவீனம் என்று சிலர் சொல்லுவினம். வெளியேற்றத்தைக் கற்பனை செய்யப் பெரிய பலம் தேவையில்லை. நாளைக்கு அந்த ஊரில் யார் யாரோடு ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சப் போகினம் என்று இண்டைக்கே எழுதிவைக்கத்தான் பலம் வேணும். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பக்கத் தீர்மானமாக எழுதிக்கொண்டு வாறன். வெட்டுங்கோ, திருத்துங்கோ, ஆனால் இந்த முறை சபை சத்தமில்லாமல் இருக்க வேண்டாம்.

தோழமையுடன்.